ஆலைக்குப் பிறகும் ஊர் இருக்க வேண்டும்

மேடையில் வீற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, ஆலையிலிருந்து சீருடையோடு நேராக வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் திட்ட அலுவலர் அம்மையாரின் மகளே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். நான் மேடைப் பேச்சாளன் அல்ல. திட்டப் பிரிவில் வரைபடம் வரைபவன். பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் திட்ட அலுவலர் அம்மையாருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அபாயமணி. அவருக்கும் அது தெரியும். தொலைபேசியை எடுத்து, "அபாயமணிதான் பேசறேன், சொல்லுங்க" என்பார்! அப்படி எதை எண்ணிப் பயந்தார் அவர்? ஒரே ஒரு டயர் ஆலையை நம்பி ஒரு முழு நகரம் மூச்சுவிடுகிறதே, அந்த ஆலை நின்றால் என்ன ஆகும் என்று பயந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் போய் நின்றார். நானும் காகிதக் கட்டோடு கூட நின்றேன். அறுநூறு பேரிடம் ஒரே கேள்வி: "இந்த ஆலை இல்லைன்னா என்ன வேலை பார்ப்பீங்க?"

ஓர் இயந்திர ஓட்டுநருக்குக் கோபம் தலைக்கேறியது. "வாயைக் கழுவுங்கம்மா! காலங்காத்தால நல்லதா எதுவும் கேட்க வராதா?"

"திட்டுங்கண்ணே. திட்டிட்டுப் பதில் சொல்லுங்க."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி போனார். பிறகு திரும்பி வந்தார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

அன்று நானூறு பேருக்கு மேல் சொன்ன பதில் அதுதான். "தெரியாது." அந்தச் சொல்லை வைத்துத்தான் அம்மையார் இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்தை எழுதினார். ரயில் பாதையோரம் சும்மா கிடக்கும் பழைய சரக்கு முனையத்தில் தொழிற்பயிற்சிக் கூடங்களும் சிறு பட்டறைகளும் வர வேண்டும். ஒரு வாசல் அடைபட்டால் இன்னும் பத்து வாசல்கள் திறந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம்! இதிலா பேராசை? இதிலா அபசகுனம்?

சென்ற ஆண்டு மன்றத்தில் ஓர் உறுப்பினர் சிரித்தார். "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு யாரும்மா இருக்கப் போறா?"

"நாம போயிடுவோம் சார். ஊரு எங்க போகும்? இங்கதானே கிடக்கும்!"

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் தொழிலுக்கு ஊதா நிறம், கடைகளுக்கு நீலம். போன மாதம் அம்மையார் இதய நோயால் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, சரக்கு முனையத்தின் ஊதாவை நீலமாக்கச் சொன்னார்கள். வணிக வளாகம் வரப்போகிறதாம். தலைவர் அவர்களே, தங்கள் அறையில்தான் சொல்லப்பட்டது. மாற்றியது என் கை.

மனம் கேட்காமல் மறுநாளே மருத்துவமனைக்குப் போய் அம்மையாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் பொண்ணுங்க எத்தனாவது படிக்கிறாங்க?"

"பெரியவ பத்தாவது. சின்னவ ஏழாவதும்மா."

"படிச்சு முடிச்சதும் எந்த ஊருக்கு அனுப்பப் போற?"

அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

அடுத்த வாரமே ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். வரும் மாதத்தோடு இரண்டாம் ஷிப்ட் நிற்கிறது. அம்மையாரின் மகள் கட்டிலருகே போய், "நீ சொன்னது நடந்துடுச்சும்மா" என்றாராம். ஊரே கேலி செய்தபோது கண் கலங்காத அம்மையார் அன்று விசும்பி அழுதார். "பொய்யாப் போகணும்னுதான்டி இத்தனை வருஷம் கத்திட்டு இருந்தேன்." மூன்றாம் நாள், திங்கட்கிழமை, நம்மை விட்டுப் போய்விட்டார்.

யாருக்காக அழுதார்? தனக்காகவா? மாற்றலாகிப் போகச் சொல்லி இரண்டு முறை வந்த உத்தரவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்!

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மன்றத்தில் இந்தத் திட்டத்தின் மீது வாக்கெடுப்பு. உறுப்பினர்களின் கையில் இருப்பது நான் நிறம் மாற்றிய வரைபடம். அம்மையார் கையெழுத்திட்ட மூலப்படம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அதை நான் மன்றத்தில் விரித்து வைப்பேன். அதற்குள் என்னை இடைநீக்கம் செய்யலாம். பரவாயில்லை என்று வீரம் பேச மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. நேற்று முதல் சோறு இறங்கவில்லை. என் மனைவி, "போய்ச் சொல்லிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். அவள் முகத்திலும் பயம்தான்.

எவ்வளவு பயந்தாலும் படத்தோடு போவேன். அம்மையாருக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். ஆனால் தனியாகப் போகத் துணிவில்லை, தோழர்களே. மன்றத்தில் பார்வையாளர்களுக்கு நாற்பது நாற்காலிகள் இருக்கின்றன. திட்டக் கூட்டம் என்றால் ஒருவரும் வந்ததில்லை. இரண்டாம் ஷிப்ட்காரர்களே, உங்களுக்கு மதியம்தானே வேலை? காலையில் வாருங்கள். வந்து உட்காருங்கள்.