இடது பக்கம் யாரு வாரா?

– லெப்ட்ல, லெப்ட்ல! மாமா, வலது பக்கம் ஒடிங்க... ஆத்தே!

– என்ன புள்ள? எதுக்கு இந்தக் கத்து கத்துற?

– அந்த ஆளு! டிவிஎஸ்ல பின்னாடி புல்லுக்கட்டு வச்சுக்கிட்டுப் போனாருல்ல, அவரு! நம்ம சைடு கண்ணாடி கட்டுல ஒரசிக்கிட்டு வருது. கட்டு மட்டும் இல்லாட்டி அவரு முழங்கை போயிருக்கும்.

– எந்தப் புல்லுக்கட்டு?

– எந்தப் புல்லுக்கட்டா? இங்க பாருங்க, ஜன்னல் வழியா என் மடியில வந்து விழுந்து கெடக்கு புல்லு!

– அட விடு புள்ள. ரோட்டுல போனா நாலு வண்டி ஒரசத்தான் செய்யும். இருவது வருசமா ஸ்டியரிங் புடிக்கிறவன் நானு. சோணைமுத்து வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்னு செக்கானூரணியே சொல்லுது.

– ஊரு என்னமும் சொல்லட்டும். இந்த வேன் வாங்குனதுல இருந்து நான் என்னைக்கு முன்சீட்டுல உக்காந்திருக்கேன்? காலையில காதுகுத்துக்குப் போகயில கூட உங்க அக்காவோட பேசிக்கிட்டுப் பின்னாடிதான் வந்தேன். அவுக உசிலம்பட்டியிலயே தங்கிட்டாகளேன்னு இப்ப முன்னாடி ஏறுனேன். ஏறுனதுல இருந்து எனக்கு உசுரு உசுராவே இல்ல.

– உனக்கு எதுக்குத்தான் பயமில்ல? மிக்ஸி ஓடுனாலே காதப் பொத்துற ஆளு. வீடு போற வரைக்கும் ரோட்டப் பாக்காம வா.

– மாமா, ஒண்ணு கேக்குறேன். நேத்து வண்டிய நான்தான கழுவுனேன்? இடது பக்கம் பூரா கீறலு. கதவுல, பம்பர்ல, சக்கரத்துக்கு மேல. பழைய கீறலு, புதுக் கீறலு. வலது பக்கம் ஒரு கோடு கூட இல்ல.

– நிப்பாட்டி வச்சிருக்கயில எவனாச்சும் பைக்கக் கொண்டுவந்து ஒரசிட்டுப் போவான்.

– எல்லாப் பயலும் இடது பக்கமாவே வந்து ஒரசுவானா?

– ஏ, இதென்ன போலீஸ் விசாரணை மாதிரி? பாட்டப் போடு.

– பாட்டு வேணாம். அந்தா, வேப்பமரத்தடியில தள்ளுவண்டி நிக்குது பாருங்க. என்ன விக்கிறாக?

– எங்க?

– என் பக்கம். இந்தா, கிட்ட வந்துட்டோம்.

– ம்... நுங்கு. எதுக்கு, குடிக்கணுமா?

– ஆவணி மாசத்துல எந்தப் பனையில மாமா நுங்கு இருக்கு? கொய்யாப்பழம். வண்டி கொள்ளாம குமிச்சு வச்சிருக்காக.

– வெயிலு மூஞ்சியில அடிக்குது புள்ள, சரியாத் தெரியல.

– வெயிலு நம்ம முதுகுக்குப் பின்னாடில்ல இருக்கு.

– கிளி, பேசாம வா. ஓட்டவிடு.

– நேராவே பாத்து ஓட்டுங்க. தலையத் திருப்பாதீங்க. என் கையில எத்தன வெரல நீட்டிக்கிட்டு இருக்கேன்?

– வெளாட்டு வெளாடுற நேரமா இது?

– எத்தன வெரலுன்னு கேக்குறேன்.

– மூணு.

– நான் கையவே தூக்கல மாமா. ஓரங்கட்டுங்க.

– வீட்டுக்குப் போயிப் பேசிக்குவோம்.

– ஓரங்கட்டுங்கன்னு சொல்றேன்ல! இருங்க, இருங்க, பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான். அவன் போகட்டும். இப்ப ஒதுங்குங்க. மெதுவா.

– சரி, சரி. இந்தா ஒதுங்கிட்டேன். கத்தாத.

– போதும். போதும் மாமா. போதும்னா! வாய்க்கா! வாய்க்கா இருக்கு!

– ஐயோ!

– பிரேக்க விட்றாதீங்க! அப்படியே அமுக்கிக்கிட்டு இருங்க. ஆத்தே, முன்சக்கரம் கரைக்கு வெளிய தொங்குது.

– எம்புட்டு ஆழம்?

– ரெண்டாளு ஆழம் இருக்கும். சொட்டுத் தண்ணி இல்ல. அடியில பூரா கருங்கல்லு.

– நீ எறங்கு. மொதல்ல நீ எறங்கிரு.

– எங்கிட்டு எறங்க? என் கதவத் தொறந்தா நேரா கல்லு மேலதான் விழணும்.

– அப்ப என்னத் தாண்டி இந்தப் பக்கமா வா.

– அசைஞ்சா வண்டி அசையுது. மண்ணு பொலபொலன்னு சரியுது மாமா.

– அசையாத. அசையாத கிளி. உன்னய ஒண்ணும் ஆக விடமாட்டேன். ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டேன். இப்ப ரிவர்ஸ் போடுறேன். பின்னாடி வண்டி ஏதும் வருதா, கண்ணாடியில பாத்துச் சொல்லு.

– நீங்க பாருங்க!

– நீ சொல்லு புள்ள! எனக்கு... நீயே சொல்லு.

– ஒரு லாரி வருது. பெரிய லாரி. செங்கல் ஏத்தி வருது. இருங்க. இருங்க. அது தாண்டுனா நம்ம வண்டி அதிருமே... கருப்பா, கருப்பா, காப்பாத்து.

– போயிருச்சா?

– போயிருச்சு. ஒண்ணும் வரல. ஸ்டியரிங்க அப்படியே நேராப் புடிங்க. எடுங்க. மெதுவா. சறுக்குது! இல்ல, இல்ல, ஏறுது. ஏறுது. இன்னுங் கொஞ்சம். வலது பக்கமா வாங்க. நிப்பாட்டுங்க. வந்துட்டோம். கரைக்கு மேல வந்துட்டோம்.

– எஞ்சின ஆஃப் பண்ணிட்டேன். இந்தா தண்ணி குடி. ஏ புள்ள, அழுகாத. ஒண்ணும் ஆகலல்ல?

– சாவியக் குடுங்க.

– எதுக்கு?

– குடுங்க மாமா. ம். இப்பச் சொல்லுங்க. இடது கண்ணு எத்தன நாளாத் தெரியல?

– கொஞ்சம் மங்கலாத்தான்...

– வாய்க்காலே தெரியல. பொய் சொல்லாதீங்க.

– தை மாசத்துல இருந்து. மொதல்ல ஓரத்துல புகை மாதிரி இருந்துச்சு. பெறகு பனை ஓலைய வச்சு மறைச்ச மாதிரி ஆயிருச்சு. ராத்திரியோட ராத்திரியா.

– என்கிட்ட சொல்லத் தோணலையா? ஒரே தட்டுல திங்கிறோம், ஒரே வீட்டுல கெடக்குறோம்.

– சொன்னா என்ன செஞ்சிருப்ப? சாவியத்தான் கேட்டிருப்ப. இப்பக் கேட்டேல்ல, அத மாதிரி.

– டாக்டர்கிட்டயாச்சும் காட்டுனீங்களா?

– மதுரைக்குப் போயிக் காட்டுனேன். ஒர்க் ஷாப்புக்குப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். சுகர் கண்ணுக்கு ஏறிருச்சாம். உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம். வலது கண்ணையாச்சும் காப்பாத்தணும், லேசர் வைக்க வா, வண்டியத் தொடாதன்னாரு.

– பெறகு?

– பெறகு அந்தப் பக்கமே போகல.

– வலது கண்ணு?

– அது நல்லாத்தான் இருக்கு. எப்பவாச்சும் கருப்பா, கொசு பறக்குற மாதிரி வரும். தலைய ஒரு உலுப்பு உலுப்புனா போயிரும்.

– ஆத்தே... மாமா, நாளைக்கு என்ன கெழம?

– தெரியும். திங்கக்கெழம.

– பத்துப் புள்ளைக. ஊரான் வீட்டுப் பத்துப் புள்ளைகள இதுலதான ஏத்திக்கிட்டு நாகமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போறீங்க? அம்புட்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஊடால? தை மாசத்துல இருந்து?

– ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? கேட்டுப் பாரு ஊர்ல. ஒரு நாள் லேட்டாப் போனேன்னு உண்டா?

– கீறல் பூரா வண்டியில இருக்கு மாமா. புள்ளைக மேல விழுக எம்புட்டு நேரமாகும்? எப்படித்தான் ஓட்டுறீங்க? தெனமும் காலையில, அந்த ரோட்டுல, ஒரு கண்ண வச்சுக்கிட்டு?

– அதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன்.

– என்ன ஏற்பாடு?

– அன்னக்கொடி மக இருக்குல்ல, முத்துமீனா. மூணாப்பு படிக்குதே. சூட்டிகையான புள்ள. அத முன்சீட்டுல உக்கார வச்சுக்குவேன்.

– இந்தச் சீட்டுலயா? இப்ப நான் உக்காந்திருக்கிற எடத்துலயா?

– ஆமா. 'இடது பக்கம் யாரு வாரா சொல்லு பாப்போம், சரியாச் சொன்னா ஒரு மிட்டாய்'னு சும்மா ஆரம்பிச்சேன். அது கணக்காச் சொல்லும். 'அங்கிள், சைக்கிள் வருது. அங்கிள், ஆடு நிக்குது. அங்கிள், பஸ்ஸு கிட்ட வந்துருச்சு, ஒதுங்காதீங்க'ன்னு. அதுக்கு ஒரு வெளாட்டு. எனக்கும் தைரியமா இருந்துச்சு. இப்பல்லாம் மிட்டாய் கூடக் கேக்குறதில்ல, ஏறுனதும் தானாவே சொல்ல ஆரம்பிச்சிரும்.

– எட்டு வயசுப் புள்ள மாமா.

– வெள்ளிக்கெழம கூட ஒரு எடம் விடாம சொல்லிக்கிட்டு வந்துச்சு.

– எட்டு வயசுப் புள்ளைகிட்ட பத்து உசுரக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. அஞ்சு நிமிசம் இந்தச் சீட்டுல இருந்ததுக்கே கருப்பனக் கூப்பிட்டுட்டேன். அது தெனமும் உக்காந்திருக்கு.

– அதுக்குத் தெரியாதுல்ல கிளி. வெளாட்டுன்னுதான நெனச்சுக்கிட்டு இருக்கு.

– போன எடுங்க. எல்லாரு வீட்டுக்கும் சொல்லணும். மொதல்ல அன்னக்கொடிக்கு.

– கிளி. ஏ கிளி. ஒரு வாரம் பொறு. நானே ஒரு ஆள் பாத்து வண்டிய விட்டுர்றேன். காலையில நான் ஹாரன் அடிச்சா வாயில இட்டிலியோட ஓடி வரும் புள்ளைக. எவன் புள்ள அழுதாலும் என் மடியில வந்துதான் அழுகைய அமத்தும். அத விட்டுட்டு, ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு, நான் வீட்டுக்குள்ள உக்காந்து எதப் பாக்க?

– என்னயப் பாருங்க. உசுரோட இருக்கேன்ல, பாருங்க. பத்து வீட்டுலயும் அப்படிப் பாத்துக்கிட்டு இருக்கணும்ல?

– சரி. அப்ப வண்டி ரிப்பேருன்னு மட்டும் சொல்லு. கண்ணுன்னு சொல்லாத. அம்புட்டுத்தான் கேக்குறேன். ஊருக்குள்ள தலை நிமிந்து நடந்துட்டேன் புள்ள.

– போன் போகுது. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. அன்னக்கொடி? நான் செல்லக்கிளி பேசுறேன்.

– சொல்லுங்கக்கா. காதுகுத்து நல்லா முடிஞ்சுச்சா? கெடா வெட்டுனாகளா?

– ம். முடிஞ்சுச்சு. நாளைக்கு வேன் வராது அன்னக்கொடி. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

– அப்பாடா! நல்லதாப் போச்சுக்கா. நாளைக்கும் இந்தப் புள்ளையோட மல்லுக்கட்டணுமேன்னு இருந்தேன். மீனாவுக்கு வியாழக்கெழமையில இருந்து நல்ல காச்சல். இப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கு. ஏங்க்கா, வண்டி ரிப்பேரா?

– கிளி... சொல்லாத...

– அன்னக்கொடி, ரிப்பேரு இல்ல. ஒன்கிட்ட மறைச்சா நான் மனுசியே இல்ல. மாமாவுக்கு இடது கண்ணு தெரியல. தை மாசத்துல இருந்தே தெரியல. எனக்கே இப்பத்தான் தெரியும், வாய்க்காக் கரையில உசுரு தப்பி நிக்கிறோம். இத்தன நாளா ஒன் மகதான் முன்னாடி உக்காந்து, இடது பக்கம் யாரு வாரா, எது வருதுன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கு. அதக் கேட்டுத்தான் இவரு ஓட்டியிருக்காரு.

– நான் பேசுறேன், போனக் கிட்டக் கொண்டா. தாயி அன்னக்கொடி, அண்ணன் பேசுறேன்மா. என்னய நீ என்ன வேணா வையி. ஆனா பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அதுக்கு அது ஒரு வெளாட்டு. அம்புட்டுத்தான்.

– வெளாட்டா அண்ணே? வெள்ளிக்கெழம காலையில ஒடம்பு அனலா கொதிக்குது, போகாதடின்னு கையப் புடிச்சு இழுத்தேன். 'நான் ஏறலைன்னா அங்கிளுக்குத் தெரியாதும்மா, வேன் மோதிரும், எல்லாரும் செத்துருவாங்கம்மா'ன்னு கத்திக் கத்தி அழுதுச்சு. காச்சல்ல ஒளறுதுன்னு நெனச்சு முதுகுல ரெண்டு வச்சேன்ண்ணே, அப்பவும் என் கைய உதறிட்டு ஓடிவந்துதான் ஒங்க முன்சீட்டுல ஏறுச்சு.