ஒரு வாளி வாய்க்கால் தண்ணீர்

நெதர்லாந்தின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் யாரும் யாரையும் லேசில் புகழ மாட்டார்கள். விளைச்சல் அமோகமாக இருந்தாலும், "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்பார்கள். அதற்கே எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். முப்பது வருடமாக உருளை விதைக்கிழங்கு போடும் நான் அந்தச் சொல்லை நான்கு முறை வாங்கியிருக்கிறேன்.

அப்பா இறந்ததும் நிலத்தைப் பிரித்தது நான்தான். கடலணையை ஒட்டிய உப்புப் பாதியைத் தம்பி யெல்மருக்குக் கொடுத்தேன். அவன் அணைக்கு வெளியே உப்புச் சேற்றில் முளைக்கும் செடிகளின் வேரிலிருந்து ஏதோ பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, பீப்பாயில் பெருக்கி, விதைக்கிழங்கை அதில் நனைத்து நட்டான். உப்பு மண்ணில் உருளை செழித்து நின்றது.

பக்கத்துப் பண்ணை விட்ஸ்கே வந்து பார்த்தாள். "அழகா இருக்கு, யெல்மர்" என்றாள். பிறகு என்னிடம், "நல்ல நிலத்தை வச்சுக்கிட்டு நீ என்னத்தைக் கிழிச்ச, ஹில்கே?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

விதைக்கிழங்குக்கு வாய்க்கால் தண்ணீர் ஆகாது. கிழங்கை உள்ளேயே அழுகவைக்கும் பழுப்பழுகல் நோய் அதில்தான் இருக்கும். நோய் கண்டால் அரசுப் பரிசோதகர்கள் விளைச்சல் மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள். அந்த மண்ணில் பல வருடம் உருளை போட முடியாது. அடுத்த வருடம் ஏப்ரலில், நடவுக்கு முந்தைய நாள், யெல்மர் சாப்பிடப் போனபோது, நோய் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்த வாய்க்காலில் ஒரு வாளி மொண்டு அவன் பீப்பாயில் ஊற்றினேன். வேறு எதையும் தொடவில்லை.

ஆகஸ்டில் பரிசோதகர்கள் வந்தார்கள். அவன் வயல் போயிற்று. அவன் பீப்பாயிலேயே கிழங்கை நனைத்து நட்ட விட்ஸ்கேயின் வயலும் போயிற்று. எல்லோரும் அவனுடைய பாக்டீரியாவைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவனும்தான்.

அன்று மாலை என் சமையலறைக்கு வந்தான். "கண்டதையும் வளர்த்து ஊருக்குள்ள நோயைக் கொண்டுவந்துட்டேன், அண்ணே. விட்ஸ்கே மூஞ்சில எப்படி முழிப்பேன்? அப்பா நிலத்தையும் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

காபி ஊற்றிக் கொடுத்தேன். "விடுடா, மன்னிச்சிட்டேன்" என்றேன்.

மறுநாள் காலை, கடல் வற்றியிருந்த நேரத்தில், அணையைத் தாண்டிச் சேற்றில் நடந்து போனான். கடல் ஏறியது. அவன் திரும்பவில்லை.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால், பாவம், அண்ணன்மேல் கோபத்தோடு போயிருப்பான். மன்னிப்பு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத்தான் போனான்.