கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காளை

...எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிட்டே நின்னாவ, தாயி! மாடு வேலிக்குள்ள தலைய விடுது, உடம்ப விடுது, பருத்தியில இறங்கி மேயுது. இவிய குத்துக்கல்லாட்டம் நிக்காவ. நான் ஓடிப்போயி, "என்ன, கண்ணு தெரியலையா?"ன்னு கேக்கேன். "தெரிஞ்சுது. இறங்குன மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா என் கண்ண நம்பி ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுல்லா?"ங்காவ. பாதிப் பாத்தி போச்சு. உக்காருங்க, உறைமோருதானே, தாரேன். உங்க பாலும் அதுக்குள்ள ஆறட்டும்.

நீங்க தெருவுக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. முன்னயெல்லாம் வரப்புத் தகராறுன்னா, "கூப்பிடு மூக்காண்டிய"ம்பாவ. எங்க வீட்டுக்காரரு பேருதான். என் வாயால சொல்லக் கூடாது, ஊரு சொன்னதச் சொல்லுதேன். மூக்காண்டி பாத்துட்டாருன்னா அதுக்கு அப்பீலே கிடையாது. அப்பேர்ப்பட்ட கண்ணு, தாயி. இப்ப, "பஸ்ஸு வருதா?"ன்னு கேட்டாக்கூட, "வார மாதிரி இருக்கு"ங்காவ. ஏறி உக்காந்த பொறவுதான் பஸ்ஸுன்னு ஒத்துக்கிடுதாவ.

எல்லாம் இந்தச் சித்திரையில நடந்த மாட்டுவண்டிப் பந்தயத்துல வந்த வினை. கழுகுமலை ரோட்டுல விட்டாவ. எங்க மக பேச்சித்தாய்க்கு அப்பத்தான் ராயகிரியில பேசி முடிச்சு, பரிசம் போட நாளும் குறிச்சிருக்கு. நல்ல பையன். அவன் அய்யா சண்முகையாவும் மோசமில்ல, கொஞ்சம் ரோசக்காரரு. ரேசன்ல அளந்து குடுக்குத கண்ட்ரோல் துணியில எங்கன பட்டுச் சேலைக்குப் போறதுன்னு நான் ஒரு பக்கம் லோல்பட்டுக்கிட்டுக் கெடக்கேன். அந்தத் துணிக்கடைக்காரன் என்ன சொன்னாங்கிய? அது கெடக்கட்டும். இந்தச் சண்முகையாவும் பந்தயத்துல வண்டி விடுதாரு. செவலைக் காளை ரெண்டு. புள்ளைய வளக்காப்புல வளத்திருக்காரு.

கோட்டுல நின்னு தீர்ப்புச் சொல்லுதது யாரு? இவியதான். "சம்பந்தி வண்டி ஓடுது, நீங்க நிக்காதிய"ன்னேன். "சம்பந்தி வண்டி ஓடுததுக்கும் என் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டாவ. கேட்டா நியாயமாத்தானே இருக்கு?

பந்தயம் எப்படின்னா, வண்டியெல்லாம் பின்னாலேருந்தே ஓடி வரணும். பந்தயம் தொடங்குத எடத்துல, ரோட்டுக்குக் குறுக்க சுண்ணாம்புல கோடு. கோட்டுகிட்ட வரும்போது வேட்டுப் போடுவாவ. வேட்டுச் சத்தம் கேக்கையில எந்த மாடு கோட்டத் தாண்டியிருக்கோ, அந்த வண்டி அவுட்டு. வண்டி வந்துது. "டமார்"னு வேட்டு. இவிய கையத் தூக்கிட்டாவ. "செவலை தாண்டிட்டு!"

அம்புட்டுத்தான். சண்முகையா தலப்பாக் கட்ட அவுத்து உதறித் தோள்ல போட்டாரு. "எம் மாட்ட வெலக்குன கைய நம்பி எம் மகனுக்குப் பொண்ணெடுக்கணுமாக்கும்?" அந்த ஒரே பேச்சுத்தான். ராயகிரிக்காரவ அத்தன பேரும் அவரு பின்னாலேயே போயிட்டாவ. பரிசமும் போச்சு.

பேச்சித்தாயி அழல, தாயி. அழுதிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன். அவ பாட்டுக்கு எள்ள எடுத்துக்கிட்டு, நம்ம சங்கரசுப்பு செக்குக்குப் போயி உக்காந்துக்கிடுவா. பாதி எள்ளு தரையில. அதக் கேட்டா வீட்டுல சண்ட.

அந்தச் செக்குல மாடு சுத்துத வழியில, வேப்பமரத்துல ஒரு தகரம் தொங்குது. எதுக்குத் தொங்குதுன்னு சங்கரசுப்புக்கே தெரியாது. ஒவ்வொரு சுத்துக்கும் செக்குத் தடி அதுல தட்டும், "டங்"குங்கும். இவ அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒருநா ஓடியாந்து அவ அய்யா கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. என்னமோ ஏதோன்னு நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அய்யா, தகரத்துல சத்தம் கேக்கையில தடி எங்கன நிக்குன்னு சொல்லுங்க"ன்னா.

இவிய பாத்தாவ. "தகரத்தத் தாண்டி ரெண்டு விரக்கடை."

"தடி தட்டினாத்தான சத்தம் வரும்? தட்டும்போது தகரத்துலதான இருக்கணும்? தாண்டி எப்படி நிக்கும்?"

இவிய உடனே செக்கு மாட்ட விரட்டி ஓட்டச் சொன்னாவ. மாடு வேகமா வர வர, தடி இன்னும் தள்ளித் தெரியுது. ஒரு சாண் இருக்கும். நானும் பாத்தேன், சங்கரசுப்பும் பாத்தாரு. ஓடுத பொருள கண்ணு ஒரு எட்டு முன்னால தள்ளித்தான் காட்டுது போல. இவிய அங்கனயே வேப்பமரத்தடியில உக்காந்துட்டாவ. "அப்பச் செவலையும் தாண்டியிருக்காதோ?"ன்னாவ.

மறுநா விடியங்காட்டியும் ராயகிரிக்கு நடந்தே போனாவ. சண்முகையா வாசல்ல நின்னு, "கண்டதத்தான் சொன்னேன். கண்டதே தப்பாயிருக்கலாம். அந்தக் கோவத்த எம் புள்ள மேல வைக்காதியும்"னாவ. அவரு "உள்ள வாரும்"னுகூடச் சொல்லல. ஆனா சந்தைக்கு வாரது மாதிரி ஒருநா இங்கன வந்து, செக்குப் பக்கம் துண்ட விரிச்சு உக்காந்துட்டாரு. பாத்தாரு, பாத்தாரு, அப்படிப் பாத்தாரு. கடேசியில எந்திரிச்சு வந்து இவிய தோள்ல கையப் போட்டாரு. "எனக்கும் தாண்டித்தாம்வே தெரியுது. அன்னைக்கு நான் கோட்டுல நின்னிருந்தா, எம் மாட்ட நானேதான் வெலக்கியிருப்பேன்." அதச் சொல்லும்போது அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிட்டு. எங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு. வார தையில கல்யாணம்.

எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத்தான் வயித்தெரிச்சல். ஏன்னு கேளுங்க. செக்குல தடி, அது தாண்டல, ஒத்துக்கிடுதேன். ஆனா அன்னைக்குப் பந்தயத்துல நானும் ரோட்டோரம் நின்னேன் தாயி, இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். செவலை தாண்டிட்டு! சண்முகையா கள்ளத்தனமா வால முறுக்கி விட்டாரு, மாடு தாண்டிட்டு! இவியளுக்கு வேணா கண்ணு பொய் சொல்லும், எனக்குச் சொல்லாது. அந்தாளு சும்மா மூக்கச் சிந்திச் சாதிச்சிட்டாரு. இத ராயகிரிப் பக்கம் மட்டும் யார்கிட்டயும்...

எதுக்கு எந்திரிக்கிய? உறை வேண்டாமா?

என்னது? வாசுதேவநல்லூருன்னுல்லா சொன்னாவ உங்கள? வாக்கப்பட்டதுதான் அங்கனயா. பொறந்தது... ராயகிரியா. ராயகிரியில யாரு வீடு?

சண்முகையா உங்களுக்குச் சொந்தச் சித்தப்பாவா?

தாயி... தாயி, நில்லுங்க. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மாடு தாண்டல. தாண்டவே இல்ல! வாலயும் யாரும் முறுக்கல! தெருவுல அப்படி விறுவிறுன்னு போகாதிய, பாக்கிறவ என்ன நெனப்பாவ? இத முதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?

...சொல்ல வாயத் தொறந்தியளா? எப்ப? நான் பாக்கலையே!