கெல்வினுக்கு ஒரு இடம்

— திரும்பிப் பாக்காத, நோலீன். உன் தம்பி இன்னும் வாசல்லதான் நிக்கிறான்.

— நிக்கட்டும். கை ஆட்டுறானா?

— ஆட்டுறான்.

— நீ ஆட்டாத, மர்ரே. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கட்டும்.

— காலமெல்லாம் ஆடு ஏத்துற லாரி ஓட்டினவன்கிட்ட சொல்றியா இத? பின்னாடி பாரு, உன் மகன் ரெண்டு கையாலயும் ஆட்டுறான்.

— அவன் ஆட்டுவான். அவனுக்கு டெஸ்மண்ட் மாமான்னா உசிரு. கெல்வின், பெல்ட் போட்டியா கண்ணு?

— போட்டேன். கண்டிப்பா போட்டேன். எனக்கு நாப்பத்திரெண்டு வயசு, அம்மா.

— சரிடா பெரிய மனுசா.

— நான் பாட்டு கேக்கப்போறேன். நீங்க பேசுங்க.

— காதுல மாட்டிட்டானா, நோல்?

— மாட்டிட்டான். தலைய ஆட்டிட்டிருக்கான்.

— அப்ப சொல்லு. அடுப்பங்கரைல வெச்சு என்னதான் சொன்னான் டெஸ்மண்ட்?

— 'அது சரிப்பட்டு வராதுக்கா'ன்னான். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— கிறிஸ்துமஸ் அன்னைக்குப் போன்ல என்ன சொன்னான்? 'பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்கு. உங்களுக்கு ஒண்ணு ஆனா கெல்வின் இங்க வந்துடட்டும். எனக்கும் பேச்சுத்துணை. நீ கவலய விடு'ன்னான். நீயும் நானும் அன்னைக்கு ஒயின் பாட்டில உடைச்சோமே, புதுசா கல்யாணம் ஆன ஜோடி மாதிரி.

— பாதி பாட்டில்ல தூங்கிட்டோம். புது ஜோடி அப்படித் தூங்காது.

— சிரிப்புக் காட்டாத. இன்னைக்குக் காலைல மாமனும் மருமகனும் படகுல மீன் பிடிக்கப் போனாங்க. திரும்பி வந்தப்ப டெஸ்மண்ட் மூஞ்சி மூஞ்சியாவே இல்ல. ஏன்டா முடியாதுங்கிறன்னு கேட்டா, போட்டிருந்த பூட்ஸையே பாத்துகிட்டு நிக்கிறான்.

— அவன் பொண்டாட்டி ஏதும் சொல்லியிருப்பா.

— அவளையா சொல்ற? அவ கண்ணத் தொடச்சுகிட்டே வழிக்கு ஆட்டுக்கறி சாண்ட்விச் கட்டிக் குடுத்தா.

— பயந்துட்டான்னு வெச்சுக்கோ. டெஸ்மண்ட் கெட்டவன் இல்ல.

— எனக்கு மட்டும் பயமா இல்லையா, இவன் பொறந்தப்ப? அந்த டாக்டர் வந்து நின்னாரே. 'இப்படிப்பட்ட பிள்ளைங்க ரொம்ப நாள் இருக்காதும்மா, அதிகமா ஒட்டிக்காதீங்க'ன்னாரே. அவரு போய்ச் சேந்தாச்சு. இவன் இருக்கான், நீச்சல் குளத்துல துண்டு மடிச்சுச் சம்பளம் வாங்குறான்.

— அதுவும் நல்லா மடிக்கிறான்.

— இவன் நமக்கு முன்னாடி போயிடுவான்னு நெனச்சுத்தானே ஒரு ஏற்பாடும் பண்ணாம இருந்துட்டோம், மர்ரே? இத வெளிய சொல்ல முடியுமா? எந்தப் பெத்தவ சொல்லுவா?

— சொல்லாத, நோல். நான் ரோட்டப் பாக்கணும்.

— உனக்கு நெஞ்சு சரியில்ல. எனக்குக் கை நடுக்கம், இனி காலுக்கும் வருமாம். யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணும். ஒரே ஒருத்தர்.

— கைகோராவுல உன் சிநேகிதி பெவர்லி இருக்கா. அப்புறம் நெல்சன்ல நம்ம பொண்ணு ஜனைன் இருக்கா. பாத்துக்கலாம்.

— நீ எதுக்கெடுத்தாலும் பாத்துக்கலாம்தான்.

— வேற என்ன சொல்லச் சொல்ற என்னை?

*

— அந்தத் தட்டக் கீழ வை, நோலீன். உன் கை நடுங்குறதப் பாத்தா எனக்குப் பதறுது.

— ஒடைக்க மாட்டேன், பெவர்லி. ஒடைச்சா புதுசு வாங்கித் தர்றேன்.

— உக்காரு. டீ ஊத்துறேன். ஆம்பளைங்க ரெண்டு பேரும் எங்க?

— கடல்நாய் பாக்கப் போயிருக்காங்க. பாறை மேல படுத்திருக்கிற ஒவ்வொண்ணுக்கும் கெல்வின் குட் மார்னிங் சொல்லிட்டுத்தான் வருவான். நேரமாகும். அதனாலதான் இப்பவே உன்கிட்ட ஒண்ணு கேட்டுடலாம்னு—

— கேக்காத.

— நான் என்ன கேக்கப்போறேன்னு உனக்கென்ன தெரியும்?

— நர்ஸுக்குப் படிக்கிறப்ப ஒரே ரூம்ல கெடந்தோம். நீ மூச்ச இழுக்கிற விதத்துலயே எனக்குத் தெரியும். நீ கேட்டா நான் முடியாதுன்னு சொல்லணும். அத என் வாயால சொல்ல வெக்காத.

— இவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையா இருக்க. உன் புருசன் ராய் போனதுக்கப்புறம் பேச ஆள் இல்ல, சுவத்தோட பேசுறேன்னு நீதான் சொன்ன.

— சொன்னேன்.

— கெல்வின் சத்தம் போட மாட்டான். அவன் துணிய அவனே துவைப்பான். காலைல ஒரு முட்டை, ராத்திரி மாத்திரைய ஞாபகப்படுத்தணும், அவ்வளவுதான். நாளைக்கே இல்லடி. எங்களுக்கு அப்புறம்.

— நோல், போதும்.

— மர்ரேக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்தப்ப டனீடன்ல இவன மாதிரி ஆளுங்களப் பாத்துக்கிற ஒரு விடுதில விட்டோம். நல்ல எடம்தான். சுத்தமா இருந்தது, நல்லாப் பேசினாங்க. ஆனா இவன் வாய்ல ஒரு வாய் சோறு வெக்கல. சட்டைய மாட்டிகிட்டு வாசல்லயே உக்காந்திருந்தானாம், அம்மா வருவாங்க அம்மா வருவாங்கன்னு. நான் போய்ப் பாத்தப்ப இடுப்புல கால்சட்ட நிக்கல. அந்த எடத்துக்கு இவன மறுபடியும் அனுப்புன்னு சொல்றியா?

— அனுப்புன்னு நான் சொல்லல.

— அப்ப என்னதான் சொல்ற? நேத்து ராத்திரி எங்களுக்குன்னு புதுப் போர்வை எடுத்துப் போட்ட. 'கெல்வினுக்கு இந்த ஜன்னல் ரூம்தான் சரி, கடல் தெரியும்'னு நீயே சொன்ன. இன்னைக்கு என்ன ஆச்சு?

— இன்னைக்குக் காலைல நானும் அவனும் வெளிய உக்காந்து சிங்கி இறால் உரிச்சோம்.

— அதுக்கு?

— அதுக்கு ஒண்ணுமில்ல. ஊர்ஊரா வண்டிய ஓட்டிகிட்டு எல்லார்கிட்டயும் கேக்குறீங்களே, அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?

— அவனுக்கு என்ன புரியும், பெவர்லி? சாவுன்னா என்னன்னு அவனுக்கு எப்படி எடுத்துச் சொல்ல?

— டீ ஆறுது. குடி.

— நீ என்னையப் பாத்துப் பேச மாட்டேங்குற.

— பாத்தா அழுதுடுவேன். நான் ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன். இதுக்கு மேல கேக்காத.

— யாருக்கு? உன் பிள்ளைங்களுக்கா? வீட்ட விக்கச் சொல்றாங்களா?

— அப்படியே வெச்சுக்கோ. என்னைத் திட்டிக்கோ, நோல். ஆனா வர்றத மட்டும் நிறுத்திடாத.

*

— அந்தப் பக்கம் ஆழமா இருக்கு, கெல்வின்! இந்தக் கல்லுக்குள்ளயே நீந்து!

— அவன் நல்லா நீந்துவான், நோல். விடு. நீ வந்து கால ஆத்துத் தண்ணில வெச்சுக்கோ, கடிக்கிற பூச்சி பாதி கொறையும்.

— கடிக்கட்டும். எனக்கு ஒறைக்கல.

— நெல்சன்ல கெளம்பினதுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல நீ.

— உன் மகள் குடுத்தனுப்பின செர்ரி எனக்கு எறங்குமா? போன மாசம் ஆளக் கூட்டிட்டு வந்து தன் வீட்டு கார் ஷெட்ட அளந்தவ அவ. 'அண்ணனுக்கு இங்க ஒரு கட்டில் போடலாம்மா, இந்தப் பக்கம் ஜன்னல் வெக்கலாம்'னு போட்டோ அனுப்பினாளே. நேத்து கடற்கரைக்கு அண்ணனும் தங்கச்சியும் சிரிச்சுகிட்டேதான் போனாங்க.

— திரும்பி வந்து என்னைத் துணி துவைக்கிற ரூமுக்குக் கூப்பிட்டா. 'அப்பா, என்னால முடியாது, மன்னிச்சிடுங்க'ன்னா. தோள்ல சாஞ்சு அழுதா. சட்டையே நனைஞ்சு போச்சு.

— நீ என்ன சொன்ன?

— பரவால்லம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? ரெட்டப் பிள்ளைங்க, வேலை, வயசான மாமியார்.

— பெத்த பொண்ணு, மர்ரே. கூடப் பொறந்த அண்ணன். இவன் தூக்கிச் சுமந்துதான் அவ வளந்தா.

— அவள வெறுக்காத.

— நான் யாரையும் வெறுக்கல. எனக்குப் புரியல, அவ்வளவுதான். மூணு வீட்லயும் முதல்ல வாசல்ல வந்து கட்டிப் பிடிச்சாங்க. மூணு வீட்லயும் கெளம்புறப்ப மூஞ்சத் திருப்பிகிட்டாங்க. நம்ம பிள்ள அவ்வளவு பாரமா?

— நோல், நான் ஒண்ணு பண்ணிட்டேன். கோவப்படாத.

— என்ன?

— பெட்ரோல் போட நிறுத்தினேன்ல, அப்ப டனீடன் விடுதிக்குப் போன் பண்ணேன். ஒரு கட்டில் காலியா இருக்காம். திங்கக்கெழம கொண்டு வந்து விடலாம்னாங்க.

— திங்கக்கெழமயா!

— நாம உசிரோட இருக்கிறப்பவே பழகட்டும். முதல்ல அழுவான். ஞாயித்துக்கெழம தோறும் நாம போய்ப் பாப்போம். நாம இல்லாதப்ப ஒரேயடியா கொண்டுபோய்த் தள்ளுறதுக்கு இது மேல் இல்லையா?

— அவன் சாப்பிட மாட்டான்.

— தெரியும்.

— வாசல்ல உக்காந்துக்குவான்.

— தெரியும் நோல், தெரியும்! வேற வழி இருந்தா நீ சொல்லு. சொல்லு பாப்போம்.

— என் பிள்ளைய நானே கொண்டுபோய் விடணுமா?

— அழாத. அவன் கரைக்கு வர்றான்.

— நீ சொல்லு அவன்கிட்ட. என்னால முடியாது.

— இங்க வாடா கெல்வின். துண்டப் போத்திக்கோ. தண்ணி குளிருதா?

— குளிருது. கண்டிப்பா குளிருது. ஒரு விலாங்கு மீன் பாத்தேன்பா. என்னையப் பாத்துட்டுப் போயிடுச்சு. அம்மா ஏன் அழறாங்க?

— அம்மா அழல. பூச்சி கண்ணுல பட்டுடுச்சு. உக்காரு. அப்பா உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்.

— சரி.

— பாரு... டெஸ்மண்ட் மாமாவுக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும். பெவர்லிக்கும் பிடிக்கும். தங்கச்சிக்கு எப்பவும் நீதான். ஆனா அவங்களுக்கெல்லாம் ஆயிரம் வேலை இருக்கு. பின்னால ஒரு காலத்துல நீ யார்கூட இருக்கிறதுன்னு நாங்க கேட்டுப் பாத்தோம். அவங்களால... அது வந்து...

— முடியாதுன்னாங்க.

— ஒனக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

— கெல்வின்? என்னடா சொல்ற? இங்க பாரு, அம்மாவப் பாத்துச் சொல்லு.

— மாமாகிட்ட படகுல வெச்சுச் சொன்னேன். அம்மா கேப்பாங்க, முடியாதுன்னு சொல்லுங்க மாமான்னு. மாமா அழுதார். தூண்டில விட்டுட்டார், மீன் தப்பிச்சுப் போச்சு. பெவர்லி ஆன்ட்டி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்தாங்க. ஜனைன் முதல்ல மாட்டேன்னா. அப்படிப் பொய் சொல்ல மாட்டேன்னா. நான் அவ கையப் பிடிச்சுகிட்டு விடவே இல்ல. அப்புறம் சரின்னா.

— மர்ரே, நான் என் தம்பிய என்னென்னமோ பேசிட்டேனே...

— இருடி. கெல்வின், நீ என்ன பண்ணியிருக்கன்னு தெரியுதா? ஏன்டா? அவங்க வீடெல்லாம் உனக்குப் பிடிக்கலையா?

— பிடிக்கும். கண்டிப்பா பிடிக்கும். மாமாகிட்ட படகு இருக்கு. ஆன்ட்டி வீட்ல கடல் தெரியும். ஜனைன் எனக்கு ஜன்னல் வெக்கிறேன்னா.

— அப்புறம் எதுக்குடா இப்படிப் பண்ண, கண்ணு?

— கிறிஸ்துமஸ் அன்னைக்குப் போன்ல நீ மாமாகிட்ட சொன்னம்மா, 'கெல்வினுக்கு ஒரு இடம் கெடச்சிட்டாப் போதும், நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா கண்ண மூடிடுவோம்'னு. அதான் எல்லார்கிட்டயும் கெஞ்சினேன், யாரும் எனக்கு இடம் குடுத்துடாதீங்கன்னு.