மூன்று தட்டு

மாலை நாலரை மணி. மலைமேல் ஏறுகிற நடைபாதை. இரண்டு பக்கமும் பனி... முன்னால் பத்தடி தெரியும், அதற்கு மேல் தெரியாது. அந்தப் பாதையில் ஒருத்தி தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சுத்தியல்.

தையல் மெஷின்களுக்கு நூல் சுற்றித் தருகிற பாபின் அக்கா இப்படித்தான் ஆரம்பித்தாள். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. தையல் கம்பெனிக்கு மாடியில் நாங்கள் ஏழு பேர் படுக்கிற அறை. பாய்களை ஒன்றாக இழுத்துப் போட்டு, ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்துகொண்டோம். கீழே சூப்பர்வைசர் வழக்கம்போல ஷட்டரை வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"நெசமா நடந்ததாக்கா?"

"எங்க அண்ணியோட தங்கச்சிக்கு நடந்தது. பொய்னா என் நாக்கு அழுகிப் போகட்டும்."

"போன தடவையும் அண்ணியோட தங்கச்சிதான். உங்க அண்ணிக்கு மொத்தம் எத்தனை தங்கச்சிக்கா?" என்றாள், எங்களில் வாயாடி என்று பேர் எடுத்தவள்.

"உன் வாயைத் தைக்கிற அளவுக்கு இருக்காங்க. சும்மா கேளுடி."

அந்தத் தங்கச்சியின் புருஷன் வெல்டர். நடைபாதை முடிகிற இடத்தில், இரும்புத் தகட்டில் ஒரு சிலை செய்கிற வேலை அவனுக்குக் கிடைத்தது. நாற்பதடி உயரம். ஒரு ஆள் உட்கார்ந்து, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல இருக்கும். உள்ளே வெறும் கூடு.

கூட்டுக்குள் ஒருவன் வேலை செய்தால் வெளியே ஒருவன் நின்றே ஆக வேண்டும். அது அந்தத் தொழிலில் சட்டம். சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் தகட்டில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால், இருக்கிறேன். இரண்டு என்றால், கரண்ட்டை நிறுத்து. மூன்று என்றால், திற.

அவன் வீட்டிலும் அப்படித்தான். குளிக்கப் போனால் துண்டை மறந்துவிடுவான். உள்ளிருந்து கதவில் மூன்று தட்டு. "தொரைக்குத் துண்டு வேணுமாக்கும்" என்று இவள் ஒரு தட்டு தட்டிவிட்டு, வேண்டுமென்றே நிற்க வைப்பாள்.

அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வேலையை முடித்தாலும் பற்றவைத்த கோட்டின் கடைசியில் சின்னதாக மூன்று பொட்டு வைப்பான். கேட்டால், "உனக்குத்தான்" என்பான்.

சிலையின் திறப்பு விழாவுக்கு முதல்நாள் போனவன் திரும்பவில்லை.

கான்ட்ராக்டர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். "ஓடிட்டான்மா. மலையடிவாரத்துல டீக்கடை போட்டிருந்தாளே, அவளோட. ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியல."

பதினோரு மாதம். அவன் சட்டைகளையெல்லாம் கிழித்துக் கரித்துணி ஆக்கினாள். போட்டோவைத் திருப்பி மாட்டினாள். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தச் சிலையிலும் எனக்கென்று மூன்று பொட்டு வைத்திருப்பானே, அதை உடைத்துவிட்டு வருகிறேன் என்று அவனுடைய பழைய சுத்தியலையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடிவாரத்தில் ஒரே ஒரு டீக்கடை. ஒரு பெண் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு கடைக்கா இது?"

"என்னுதுதான். எட்டு வருஷமாச்சு."

"நடுவுல... எங்கயாச்சும் போயிருந்தீங்களா?"

"எங்கடியம்மா போறது? இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ச் சாரிக்கே என்னால போக முடியல."

தங்கச்சி டீயைக் குடிக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள். அது ஆறிப்போனது.

பிறகுதான் ஏறினாள். பனி. ஈர மண் வாசனை. மேலே போகப் போக இன்னொரு வாசனை... வெல்டிங் ராடு தீய்ந்த நாற்றம். அவன் சட்டையில் எப்போதும் வருமே, அது.

சிலைக்குக் கீழே ஒரு பலகை. 'தட்டுங்கள். இவர் பதில் சொல்வார்.' ஒரு குடும்பம் நின்றிருந்தது. ஒரு சின்னப்பிள்ளை தகட்டில் ஐந்து தடவை தட்டினாள்.

டங்... டங்... டங்.

எல்லோரும் கைதட்டினார்கள். வாட்ச்மேன் பெருமையாகச் சொன்னார். "நீங்க எத்தனை தட்டினாலும் மூணுதான் திரும்பி வரும். திறந்த நாள்லேருந்து இப்படித்தான். பெரிய இன்ஜினியரிங்!"

அக்கா நிறுத்தினாள். எங்களில் சின்னவள், குட்டை, என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பதினோரு மாதமாகத் திற, திற என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பதினோரு மாதமாகக் கைதட்டியிருக்கிறார்கள்.

தங்கச்சி சிலையின்மேல் காதை வைத்தாள். சுத்தியலால் ஒரு தட்டு. இருக்கிறேன்.

உடனே வந்தது. டங்டங்டங். இந்த முறை வேகமாக.

அவள் கத்தினாள். சுத்தியலால் தகட்டை அடித்தாள். வாட்ச்மேன் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கீழே விட்டார். நேராகக் கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனாள். அவர் மட்டும்தான் இருந்தார்.

"உள்ள இருக்காரு. மூணு தட்டு தட்டுறாரு. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டுச்சு. மூடின பிறகுதான் உள்ள இருக்கான்னு தெரிஞ்சுது. விடிஞ்சா விழா, பெரிய மனுஷங்கள்லாம் வந்து இறங்கிட்டாங்க. ரெண்டு நாள்ல நின்னுடும்னு நெனச்சேன்."

"பாவி!" என்றாள் வாயாடி.

வெளியே வந்து அவர் சொன்னதை எல்லோரிடமும் சொன்னாள். அவர் அப்படிச் சொல்லவே இல்லையென்றார். புருஷன் ஓடிப்போனதில் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். மனு கொடுத்தாள். இந்த ஆபீஸ் இல்லை, அந்த ஆபீஸ். நாளைக்கு வா. பெரியவர் லீவு. எட்டு வாரம் இப்படியே அலைய விட்டார்கள். கடைசியில் ஒரு அதிகாரி, தொல்லை ஒழிந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை சிலையைத் திறந்து பார்ப்பது என்று.

திங்கட்கிழமை நடைபாதைக்கு விடுமுறை. ஒரு ஆள்கூட இருக்கமாட்டான். அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் கம்பிவேலியைத் தாண்டி ஏறிப் போனாள்.

சிலையின் முதுகுப் பக்கம் யாரோ ஒரு தகட்டை அறுத்துக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பேட்டரியில் ஓடுகிற கட்டர். உள்ளே டார்ச் வெளிச்சம் அலைந்தது. கான்ட்ராக்டர். தனியாக. கையில் கோணிப்பை. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வந்திருந்தார்.

அவர் உள்ளே முணுமுணுப்பது கேட்டது. "எங்கடா இருக்க... எங்கடா..."

அப்போது நீல வெளிச்சம். வெல்டிங் வெளிச்சம். அதைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும் என்று புருஷன் அவளைப் பழக்கியிருந்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் சர்ர்ர் என்று நிதானமாக ஓடியது. அவசரமே இல்லாமல். நான்கு பக்கமும்.

திரும்பிப் பார்த்தபோது கழற்றிய தகடு பழைய இடத்திலேயே பொருந்தியிருந்தது. சுற்றிலும் கோடு இன்னும் சிவப்பாக... டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. வெல்டிங் மெஷின் இல்லை. வயர் இல்லை. ஆள் இல்லை. கோட்டின் கடைசியில் மூன்று பொட்டு.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. முதலில் தாறுமாறாக. பிறகு, தொழில் தெரிந்த ஆள் அல்லவா... மூன்று.

தங்கச்சி பக்கத்தில் போனாள். சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டினாள். இறங்கிப் போய் பஸ் பிடித்தாள்.

"செவ்வாக்கிழமை திறக்கலையா?" என்றாள் குட்டை.

"கான்ட்ராக்டர் கூட இருந்தாதான் திறக்கலாமாம். அவரைக் காணோம். அதனால ஃபைலை மூடிட்டாங்க. அவளையும் கூப்பிட்டுக் கேட்டாங்க, எங்க போயிருப்பாருன்னு."

"என்ன சொன்னா?"

"ஓடிட்டாருங்கன்னா. யாரோ ஒருத்தியோட."

வாயாடி எழுந்து உட்கார்ந்தாள்.

"இப்பவும் அங்க கூட்டம்தான்" என்றாள் அக்கா. "எத்தனை தட்டினாலும் ஆறு வருதாம்."

இருட்டில் வாயாடி எழுந்தாள்.

"எங்கடி போற?"

"கீழ. நம்மளையும்தான் பூட்டிட்டுப் போயிருக்கான். தீப்பிடிச்சா யார் திறப்பா? என்னைக்காவது கேட்டிருக்கோமா?"

அவள் குரலில் பயம் இல்லை. கோபம்தான் இருந்தது. நாங்களும் எழுந்தோம். சுவரைத் தடவிக்கொண்டு, ஏழு பேரும் படியிறங்கினோம். ஷட்டர் ஜில்லென்று இருந்தது. வாயாடி விரல் முட்டியால் தட்டினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று.

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எங்கள் கம்பெனிக்கு வாட்ச்மேன் கிடையாது.

ஷட்டருக்கு அடியிலிருந்து வெல்டிங் ராடு தீய்ந்த நாற்றம் மெல்ல உள்ளே வந்தது. பிறகு வெளியிலிருந்து, நிதானமாக, ஒரே ஒரு தட்டு.