சாக்கில் இல்லாதது

சங்கைக்குரிய சுவாமி அவர்களுக்கு, லோங்காங் சாக்கடை வேலை செய்யும் சூசைமாணிக்கம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். சிம்பாங் அம்பாட் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த முறை அதுதான். ஆட்களை அவரவர் இடத்தில் உட்கார வைத்துவிட்டால் நடந்தது தானாக வரிசைக்கு வந்துவிடும்.

இடம், சூலியா தெருவில் அரிசி வியாபாரம் செய்யும் சீனி முகம்மது முதலாளியின் வீடு. முதலாளி நடுமுற்றத்தைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி நூர்ஜான் அம்மா மாடிப்படியின் கடைசிப் படியில், மோதிரம் இல்லாத விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளியின் அக்கா ஷரீஃபா வெற்றிலைப் பெட்டியோடு தூணோரம் பாயில். போலீஸ்காரர் கமாலுதீன் வாசல் பக்கம் ஓர் அரிசி மூட்டையின்மேல், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு. அந்த வீட்டில் வேலை செய்யும் நம் கோயில் பெண் மார்த்தா உட்காரவில்லை. அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் முற்றத்து மூலையில், குளிக்கிற இடத்துத் தண்ணீர் ஓட்டைக்கு அருகில் குந்தியிருந்தேன். என் பக்கத்தில் ரோத்தான் பிரம்புச் சுருள், தேய்க்கிற தேங்காய் நார், வாளி, சாக்கு.

நூர்ஜான் அம்மாவின் பச்சைக்கல் மோதிரம் முந்தின நாளிலிருந்து காணவில்லை. அவருடைய தாயார் சாகும்போது தன் விரலிலிருந்து கழற்றி மகளுக்குப் போட்டுவிட்ட மோதிரம். குளிக்கும்போது இருந்ததா, மாவு பிசையும்போது இருந்ததா, அவருக்கே நினைவில்லை. ஷரீஃபாதான் போலீசுக்கு ஆள் அனுப்பியவர். என்னைக் கூப்பிடச் சொன்னது மார்த்தா.

"சோப்புத் தண்ணில வழுக்கிக் கொழாய்க்குள்ள போயிருக்கும்மா," என்று அவள் சொன்னாளாம். "சூசைண்ணனக் கூட்டியாந்து பாருங்க. அவரு சாக்கு விரிக்கிற ஆளு."

சாக்கு விரிப்பது என் வழக்கம். தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். வீட்டுக் குழாயில் அடைப்பு எடுக்கிறவன்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. குழாயில் கிடைத்தது அவன் மடிக்குப் போய்விடும் என்பார்கள். அதனால் குழாயிலிருந்து வருவதை எல்லாம் கழுவாமல், அப்படியே வீட்டார் கண்முன் ஒரு சாக்கில் கொட்டி விரித்துவிடுவேன். அவர்கள் குச்சியால் கிளறிப் பார்த்து, சரி என்ற பிறகுதான் அள்ளுவேன். காசு, கம்மல், ஒரு தடவை ஒரு கிழவரின் தங்கப்பல் கூட அப்படி வீட்டாருக்குத் திரும்பியிருக்கிறது. ஜார்ஜ் டவுனில் இப்படிச் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

"வந்துட்டாருடி ஒன் வேதக்கார அண்ணன்," என்றார் ஷரீஃபா. "மொதல்ல அவரு ஜேபியப் பாத்துடுங்க."

"நான் ஜேபி வச்ச சட்டையே போடுறதில்லக்கா."

கமாலுதீன் சிரித்துவிட்டார்.

ஓட்டையின் மூடியைத் தூக்கிவிட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டேன். தரைக்குக் கீழே ஒரு வளைவு இருக்கும். நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்க அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அதைத் தாண்டினால் மண்குழாய் நேராகப் பின்சந்து லோங்காங்குக்குப் போய்விடும். வளைவைத் துழாவினேன், ரோத்தானை விட்டுக் குடைந்தேன், வந்ததை எல்லாம் சாக்கில் கொட்டினேன். மயிர்க் கற்றை, சோப்புக் கசடு, சோற்றுப் பருக்கை, ஒரு சட்டைப் பொத்தான், வெற்றிலைச் சக்கை.

"பாதிக்கு மேல ஒன் சக்கதான் லாத்தா," என்றார் முதலாளி தமக்கையிடம்.

ஷரீஃபா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு குச்சியை வாங்கி, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் கிளறினார். மோதிரம் இல்லை.

"பாத்துக்க லா. சாக்குல இல்லன்னா மடியிலதான இருக்கணும்."

மார்த்தா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேம்மா."

நூர்ஜான் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கமாலுதீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மார்த்தா அவரோடு போகும்போது, நான் குடித்துவிட்டு வைத்திருந்த தேத்தண்ணிக் கிளாசை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அந்தக் கிளாசைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எனக்கு எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கிடைக்கும். சிரட்டையில் தருவார்கள், இல்லாவிட்டால் துரு ஏறிய தகர டப்பாவில். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் கையை நானே அறிவேன். மார்த்தா ஒருத்திதான் வீட்டு ஆட்கள் குடிக்கும் கிளாசில் ஊற்றி, கையிலேயே கொடுத்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. யாரும் கேட்டு அவள் அப்படிச் செய்யவில்லை. ஒரு பெண் ஒரு ஆண்பிள்ளைக்கு அப்படிச் செய்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கத்தான் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மோதிரம் காணாமல் போவதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் பூசை முடிந்த பிறகு, கோயில் கிணற்றடியில் அவளிடம் கேட்டேன். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். "ஒங்கள நான் அண்ணன்னுதான கூப்புடுறேன். அப்பறம் எப்படிண்ணே?" என்றாள். அக்கரையில் பாகான் டாலாமில் ரயில்வேயில் வேலை பார்க்கும் பால்ராஜோடு பேச்சு முடிந்துவிட்டது, ஈஸ்டர் கழித்துத் தாங்கள் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பீர்கள் என்றும் சொன்னாள். நல்லது என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் உண்டாகவில்லை. இதைத் தாங்கள் நம்ப வேண்டும். கோபத்தில் செய்தேன் என்று தாங்கள் நினைத்துவிட்டால் இந்தக் கடிதத்துக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

மோதிரம் வளைவில்தான் இருந்தது. கையை விட்ட மாத்திரத்தில் விரலில் பட்டது. மயிர்க் கற்றைக்குள் சிக்கி, கல் மேல்நோக்கி இருந்தது.

எடுக்க வேண்டும் என்றுதான் விரலை மடக்கினேன். அப்போது எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிந்தது. எடுத்தால் மார்த்தா ஈஸ்டர் கழித்து அக்கரைக்குப் போய்விடுவாள். எடுக்காவிட்டால், பால்ராஜின் தாயார் அமலம்மாள் ஒரு திருட்டுப்பட்டம் வாங்கியவளை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். மார்த்தாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. போக்கிடம் இல்லாமல் நிற்பாள். அப்போது நான் அங்கே இருப்பேன். பிறகு ஒருநாள் அதே வீட்டில் நானே அடைப்பெடுத்து, மோதிரத்தைச் சாக்கில் விரித்துக் காட்டி, அவள் பேரையும் கழுவிக் கொடுத்துவிடலாம். இதில் யாருக்கும் நிரந்தரமான நஷ்டம் இல்லை.

ஆகவே மோதிரத்தை வளைவின் அந்தப் பக்கத்து உதட்டு இடுக்கில் செருகி, தேங்காய் நாரைப் பந்தாக உருட்டி முன்னால் இறுக்கினேன். தண்ணீர் கசிந்து போகும், மோதிரம் போகாது. பிறகு கையை வெளியே எடுத்து மயிர்க் கற்றையைச் சாக்கில் போட்டேன்.

அடைப்பில் ஒரு வகை உண்டு, சுவாமி. நெய்யும் கசடும் சேர்ந்து கல்லாக இறுகிப்போனது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவன் அதை ரோத்தானால் குத்துவான். குழாய்தான் உடையும். காஸ்டிக் சோடாவை ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஊற வேண்டும். ஊறிவிட்டால் அது தானாகவே இளகி, தள்ளிய பக்கம் போகும். மார்த்தாவின் மனசும் அப்படித்தான் என்று நான் கணித்தேன்.

கோர்ட்டில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். குழாயிலிருந்து எடுத்ததை எல்லாம் சாக்கில் விரித்தாயா என்று கேட்டார்கள். எடுத்ததை எல்லாம் விரித்தேன் என்றேன். அதில் மோதிரம் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இரண்டும் உண்மை. குழாயில் இருந்ததா என்று யாருமே கேட்கவில்லை. வேதப்புத்தகத்தைத் தொட்டுவிட்டு நான் பொய் சொன்னதில்லை. மார்த்தாவுக்கு மூன்று மாதம் ஜெயில் என்று தீர்ப்பானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பிரசங்கத்தில் களவு செய்யாதிருப்பாயாக என்ற தேவ கற்பனையை விளக்கினீர்கள். கோயிலே திரும்பி, பெண்கள் பக்கத்தில் அவள் வழக்கமாக முழங்காலிடும் இடத்தைப் பார்த்தது. எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. அதையும் தங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஜெயிலில் பார்க்க விடும் நாளில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போனேன். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"பால்ராஜ் வந்துட்டுப் போனாருண்ணே," என்றாள். "நான் எடுத்திருக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியுமாம். அவங்கம்மா கத்துறாங்களாம், கத்தட்டும்னுட்டாரு." பிறகு கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள். "இன்னொரு தடவ பாக்குறீங்களா? கொழாய ஒடச்சாச்சும் பாருங்கண்ணே. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"பாக்குறேம்மா," என்றேன்.

பார்க்கவும் செய்தேன். அன்று பிற்பகலே சூலியா தெருவுக்குப் போனேன். நல்ல மழை. கதவைத் திறந்தது நூர்ஜான் அம்மா. "அந்தப் புள்ள போனதுலேருந்து எனக்குச் சோறு எறங்கலண்ணே. ஷரீஃபா லாத்தாவுக்குத் தெரியாமப் பாத்துட்டுப் போங்க," என்றார். மூடியைத் தூக்கிக் கையை விட்டேன். இருந்தது. பால்ராஜ் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்றால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். நார்ப்பந்து கொஞ்சம் தளர்ந்திருந்தது. இன்னொரு பிடி நார் வைத்து இறுக்கினேன். சாக்கை விரித்தேன். நூர்ஜான் அம்மா குச்சி எடுக்கவில்லை, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தேடினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த தடவை மார்த்தாவிடம் சொன்னேன். "ரெண்டாந்தரமும் பாத்துட்டேன். இல்ல."

"அப்போ நாந்தான் எடுத்துட்டேன் போல," என்றாள். சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சிக்கலில்லாமல் போயிற்று. குழாயில் இரண்டு முறை தேடியும் இல்லை என்ற செய்தி பாகான் டாலாம் வரைக்கும் எட்டியது. அதை எட்டச் செய்தவனும் நான்தான், அமலம்மாள் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். பால்ராஜ் ஈப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். போன வாரம் மார்த்தாவிடம் மறுபடியும் கேட்டேன். வெளியே வந்ததும் ஊரார் வாயை அடைக்க வேண்டுமானால் என் வீட்டுக்கே வந்துவிடலாம் என்றேன்.

"எங்கண்ணே போவேன்," என்றாள். "நீங்க சொல்றபடியே செய்யுங்க."

அவள் வாயாலேயே சம்மதம் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள், அது பழக்கம், போகப்போகச் சரியாகிவிடும்.

வருகிற புதன்கிழமை அவளை விடுகிறார்கள். அதனால் இந்த ஞாயிறு முதற்கொண்டு எங்கள் இருவர் பேரையும் சேர்த்து ஓலை வாசிக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மெய்விவாகத்துக்குப் போகிறவன் பாவமில்லாத ஆத்துமத்தோடு போக வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறேன். அழுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் விடுகிறவன் நான் இல்லை. அதற்காகவே இவ்வளவும் எழுதினேன். பாவசங்கீர்த்தனத்தை முழங்காலிட்டு, குருவின் காதில் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அது எழுதத் தெரியாதவர்களுக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். தங்கள் பாவசங்கீர்த்தனக் கூண்டை ஒட்டிப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் குரல் தாழ்த்திப் பேச வராது. எழுத்தில் வரிசை தப்பாது. காகிதமானாலும் காதானாலும், குரு அறிந்ததைக் குரு வெளியே விட முடியாது அல்லவா.

நான் எதையும் திருடவில்லை என்பதும் தங்களுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். மோதிரம் இன்னும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. முற்றத்து மூலையில் மூடியைத் தூக்கி, முழங்கை வரை கையை விட்டு, வளைவின் அந்தப் பக்கத்து உதட்டில் நார்ப்பந்தை இழுத்தால், பின்னால் இருக்கும். எந்தப் பிள்ளையும் எடுத்துவிடலாம். ஆனால் அதைத் திருமணத்துக்குப் பிறகு, வேண்டிய நாள் பார்த்து, நானே எடுத்துச் சாக்கில் விரிப்பேன். அன்றைக்கு மார்த்தா என்னைப் பார்க்கும் பார்வையை இப்போதே என்னால் பார்க்க முடிகிறது.

எனக்குரிய அபராதம் எத்தனை செபமாலை என்பதை ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் போதும்.

கோயில்பிள்ளை செபாஸ்டியன் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். "என்னா சூசை, ஓல வாசிக்கிறதுக்கா இவ்ளோ எழுத்து? ரெண்டு பேரு எழுதுனாப் போதும் லா," என்று கேலி செய்கிறார். இதோ அரக்கு உருகிவிட்டது. மடித்து, உறையில் போட்டு, நான்கு ஓரமும் ஒட்டி அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டிய இடத்தை எல்லாம் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். என் வேலையில் கசிவு கண்டதாக இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.