பிரிஞ்சிடலாம்னு யார் முதல்ல சொன்னது?

— வக்கீல் சார், மறுபடியும் சொல்றேன். இவ கேட்டது விவாகரத்தே இல்ல. வெறும் பதிலடி.

— பல் டாக்டரே, ரெண்டு பேருமே ஒரே நாள்ல "பிரிஞ்சிடலாம்"னு செய்தி அனுப்பியிருக்கீங்க. எனக்கு அது போதும்யா.

— எனக்குப் போதாது சார். நான் கோவத்துல அனுப்பினேன். ஆறு நிமிஷம் கழிச்சு இவ ரோஷத்துல அனுப்பினா. என் வாய்க்கொழுப்பை நான் வாபஸ் வாங்கிட்டா, இவளோடது தானா செல்லாம போயிடும்.

— கேளு. அப்ப நான் எங்க இருந்தேன்?

— செவ்வாய் கிரகத்துக்கிட்ட, விண்வெளி நிலையத்துல. புருஷனை விட்டுட்டு ஏதோ குழாயை முறுக்கிட்டு இருந்தே.

— அங்கிருந்து இங்க வெளிச்சம் வரவே பன்னெண்டு நிமிஷம். உன் செய்தி என்கிட்ட வர்றதுக்குள்ள என்னோடது கிளம்பிடுச்சு. அது எப்படிப் பதிலாகும்?

— ஆனா நான்தானே முதல்ல!

— உன் கடிகாரத்துக்கு. இங்கிருந்து என் பக்கமா படுவேகமா விண்கப்பல்ல போற ஒருத்தன் பார்த்தா, நான் முதல்ல.

— தாயே, அந்தக் கப்பல்காரனைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியுமா?

— தேவையே இல்ல சார். ரெண்டு செய்திக்கும் நடுவுல இருக்கற நேரம் ஆளுக்கு ஆள் மாறும், தூரமும் மாறும். ஆனா தூரத்தோட வர்க்கத்துல இருந்து, அந்த நேரத்துல வெளிச்சம் ஓடற தூரத்தோட வர்க்கத்தைக் கழிச்சுப் பாருங்க. எவன் போட்டாலும் ஒரே விடை.

— ஒரே விடையா! உங்க ரெண்டு பேர் வாயில இருந்து இன்னிக்குத்தான்மா அதைக் கேக்கறேன்.

— சரி, விடை வந்துச்சு. அதனால என்னவாம்?

— தூரம்தான் பெருசா நிக்குது. அப்படின்னா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு வெளிச்சமே போய்ச் சேர முடியாது. நீ சொன்னதால நான் சொல்லல. நான் சொன்னதால நீ சொல்லல.

— எவன் பார்த்தாலும்?

— எவன் பார்த்தாலும்.

— எங்கம்மா பார்த்தாலும்?

— அவங்க கண்ணுக்கு எல்லாத்தையும் ஆரம்பிச்சது நான்தான். இருந்தாலும் விடை இதேதான்.

— இரு. அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு யாருக்காவது பல்லைப் பிடுங்கிட்டு இருந்திருந்தா?

— அப்பவும் என்னோடது வந்திருக்கும்.

— என் அவசரத்தாலதான் எல்லாம் போச்சுன்னு இத்தனை மாசமா தலையில அடிச்சுக்கறேன்டீ.

— தெரியும். அதைச் சொல்லத்தான் நேர்ல வந்தேன்.

— வக்கீல் சார், கையெழுத்து எங்க போடணும்?